அஞ்சரைக் கட்டை

பிப்ரவரி 3, வெள்ளி

புது வேலை வந்திருக்கிறது. கானமயில் கேசட் கம்பெனி நவநீதன் ஒரு சாக்குமூட்டையைத் தூக்கிக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு மாடியேறி வந்து மிக்ஸர் மேலேயே வைக்கப் பார்த்தார். தரையில் வைக்கச் சொன்னேன். உள்ளே பழைய கேசட்டுகளும் பாச்சை உருண்டை வாசமும். பேரையூர் மொக்கைச்சாமி பாடிய கிராமியப் பாடல்கள், 1984 முதல் 2006 வரை. அவற்றில் ஐம்பதைப் பொறுக்கி, சுத்தம் செய்து, பென் டிரைவில் ஏற்றித் தர வேண்டும். பங்குனிப் பொங்கலுக்குள் கடைக்குப் போக வேண்டுமாம். பெயரும் வைத்துவிட்டார்: ‘மொக்கைச்சாமி முத்து ஐம்பது’.

“மொக்கைன்னு போட்டா யாரு சார் வாங்குவா?” என்றேன்.

“இஞ்சினியரே, இத உசிலம்பட்டிப் பக்கம் போயிக் கேட்டுறாதீங்க. மைக்க உங்க வாயில சொருகிட்டுத்தான் விடுவாய்ங்க. அது சாமி பேரு.”

கிராமியப் பாட்டு எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே தாளம். நடுவில் ஒருத்தன் ‘ஏலே’ என்று கத்துவான். இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன்.

பிப்ரவரி 6, திங்கள்

நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சு பாதிக் கேசட்டுகளில் விழுந்துகிடக்கிறது. ஒட்டினேன். பூஞ்சை துடைத்தேன். மின்வெட்டு. மீண்டும் ஒட்டினேன்.

பிப்ரவரி 8, புதன்

மொக்கைச்சாமியே வந்துவிட்டார். கூட அவர் மனைவி பேச்சியம்மாள். அவருக்கு எழுபது வயது, வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு. உட்கார்ந்ததும் ஏதோ சொன்னார். சைக்கிள் டியூப்பில் காற்று போவது போலிருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“இவுக என்ன சொல்றாகன்னா, ஒங்க ரூம்பு நல்லா குளுகுளுன்னு இருக்காம்” என்றார் அந்த அம்மா.

அவர் உதட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ‘இந்தப் பொடிப்பயலா’ என்பதுவரை என்னால் படிக்க முடிந்தது. தொண்டையில் இரண்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பாடிப் பாடிப் புண்ணாகி, வெட்டி எடுத்து, மறுபடி புண்ணாகி, மறுபடி வெட்டி. பதினைந்து வருஷமாகக் குரல் கிடையாது. பேச்சு முழுக்க அந்த அம்மா வழியாகத்தான்.

முதல் கேசட்டின் முதல் பாட்டைப் போடச் சொன்னார். அவரை ஊரறியச் செய்த பாட்டு அதுதானாம்.

*கடலக்காட்டுக் காவக்காரா – நீ*
*கண்ணசந்தாப் போதுமய்யா*

குரல் கம்பி மாதிரி மேலே போகிறது. வேலை என்ற அளவில் சொன்னால் நல்ல குரல். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முடிந்ததும் ஆறு விரலும் அரை விரலும் காட்டினார்.

“ஆறரைக் கட்டையாம்” என்றார் பேச்சியம்மாள். “அதுக்கு எங்க செட்டுல பேரே கேசட்டுச் சுதிதான் தம்பி. எந்த ஊருக்குப் போனாலும் சனம் அத விட்டு எறங்க விடாது. கேசட்டுல பாடுன மாரிப் பாடுய்யாம்பாக.”

மொக்கைச்சாமி மறுபடி ஊதினார்.

“‘இந்தக் கட்ட வேகுறதுக்குள்ள அந்தக் கட்டையத் தட்டுல ஏத்திருடா’ங்கிறாக” என்று இந்தத் தடவை அப்படியே சொல்லிவிட்டு, அந்த அம்மாவே சிரித்துக்கொண்டார்.

பிப்ரவரி 9, வியாழன்

விருதுநகரிலிருந்து அக்கா போன். அவள் மகன் ஆதவனுக்கு மார்ச் ஐந்தாம் தேதி காதுகுத்து. “தாய்மாமன் மடியிலதான்டா உக்காரணும், ஒருநாள் வந்துட்டுப் போடா.” வேலை இருக்கிறது என்றேன். ஒரு மடிக்காக ஒரு நாள் கெடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யார் மடியானாலும் காது காதுதான். சொன்னதும் வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 13, திங்கள்

‘கடலக்காட்டு’ப் பாட்டில் கோளாறு.

எந்தப் பழைய பதிவிலும் அடியில் ஒரு ‘ம்ம்ம்’ இருக்கும். ஸ்டுடியோவுக்கு வரும் கரண்ட் போடும் சத்தம். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது. அதனால் அந்த முனகலும் ஐம்பதில் இருக்க வேண்டும். அதை நீக்குவதற்காகத்தான் தேடினேன். ஐம்பதில் இல்லை. ஐம்பத்தாறில் இருக்கிறது.

என் டெக் தப்போ என்று சோதனை நாடா போட்டுப் பார்த்தேன். டெக் சரி. அந்தக் காலத்தில் கரண்ட் நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கலாம். ஐம்பத்தாறுக்கு ஏற வழியே இல்லை. ஆக, கரண்ட் ஏறவில்லை, நாடாதான் ஓடியிருக்கிறது. பாடியதைவிட வேகமாக ஓட்டிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். வேகம் கூடினால் சுதியும் கூடும். எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு கட்டை.

அவர் பாடியது ஆறரை அல்ல. ஐந்தரை.

வேகத்தைக் குறைத்து ஓட்டினேன். கம்பி போய்விட்டது. கனமான, நிதானமான குரல் ஒன்று வந்தது. காவக்காரனைக் கேலி செய்கிற பாட்டு என்று நினைத்திருந்தேன். மெதுவாகக் கேட்டால் கெஞ்சுகிற பாட்டு.

மூன்று தடவை ஓட்டினேன். சரிபார்ப்பதற்காக.

பிப்ரவரி 14, செவ்வாய்

நவநீதனைக் கேட்டேன். மழுப்பாமல் ஒத்துக்கொண்டார்.

“எங்கப்பா பண்ணுனதுதான். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிசந்தான் கொள்ளும். பாட்டெல்லாம் சேந்து முப்பத்திமூணு நிமிசம் வந்துருச்சு. எதையும் வெட்ட மனசு வரல, ஸ்பீடு திருகாணிய லேசா முறுக்கி விட்டுட்டாரு. ஆடுறதுக்கும் தோதா இருந்துச்சு. அப்பல்லாம் எல்லாரும் பண்றதுதானே இஞ்சினியரே?”

“பாடுனவருக்குத் தெரியுமா?”

“அவரு என்ன, திருகாணியப் பத்தியா கேட்டாரு?”

பிப்ரவரி 15, புதன்

மற்ற கேசட்டுகளையும் அளந்துவிட்டேன். 1986-இல் வந்த இரண்டாவது கேசட்டில் பாட்டு ஆறரைக் கட்டை, முனகல் சரியாக ஐம்பது. அதாவது வேகம் மாற்றப்படவில்லை. அவரே தொண்டையால் ஏறிப் பாடியிருக்கிறார். மூன்றாவதும் அப்படியே. எல்லாமே அப்படியே.

பாட்டுகளை வருஷ வரிசையில் அடுக்கி அலைப்படம் எடுத்தேன். 1984-இல் குரலுக்கு மேலே ஏணிப்படி மாதிரி கோடுகள், எண்ண முடியாத அளவுக்கு. படி கூடக் கூடக் குரலில் வளம் அதிகம். 1990-இல் மேல்படிகள் மங்கல். 1993-க்குப் பிறகு ‘ஏலே’ கத்துவது அவர் இல்லை, வேறு யாரோ. 1999-இல் உச்சம் வருகிற இடத்தில் எல்லாம் கூட்டத்தைப் பாடவிடுகிறார். 2006-இல் படமே இல்லை, வெறும் புகை.

தகவலுக்காக எழுதி வைக்கிறேன். சாப்பிடவில்லை. கடை மூடிவிட்டார்கள்.

பிப்ரவரி 20, திங்கள்

சொல்லிவிட்டேன். இருவரும் வந்திருந்தார்கள். சுற்றி வளைக்க எனக்கு வராது. “முதல் கேசட்ல நீங்க பாடுனது அஞ்சரைதான். கம்பெனி வேகத்தக் கூட்டிருச்சு. அதுக்கப்புறம் நீங்க வீணா ஏறியிருக்கீங்க” என்றேன். இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

மெதுவானதை முதலில் போட்டது என் தப்பாக இருக்கலாம். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கையால் தாளம் தட்டினார். ஏதோ சொன்னார்.

“யாரு இது, நல்லாப் பாடுறானேங்கிறாக” என்றார் பேச்சியம்மாள்.

பிறகு அவருக்குப் புரிந்தது. எழுந்தார். நிறைய ஊதினார். கை ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் இல்லை. பேச்சியம்மாள் ஒரு வார்த்தைகூட எடுத்துச் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தட்டுத்தடுமாறிக் கீழே இறங்கிப் போனார். அந்த அம்மா மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்தார்.

“தம்பி, அஞ்சரைங்கிறது ஒங்க மிஷினு சொல்லுதா, நீங்களாச் சொல்றீங்களா?”

“மிஷின்தான்மா. மிஷினுக்கு யாரு மேலயும் பிரியம் கெடையாது.”

“இத எந்தம்பி அன்னைக்கே சொன்னான்.”

தம்பி பெயர் வீரணன். மொக்கைச்சாமியின் செட்டில் ஆர்மோனியப் பெட்டி வாசித்தவர். கேசட் வந்த மறுவருஷம் ஒரு பங்குனிப் பொங்கல் மேடையில் கூட்டம் ‘கேசட்டுல பாடுன மாரிப் பாடு’ என்று கத்தியிருக்கிறது. மொக்கைச்சாமி திரும்பிப் பெட்டிக்காரனைப் பிடித்துக்கொண்டார். சுதியை இறக்கி வைத்துவிட்டானாம். “மச்சான், நாம பாடுனதே அஞ்சரைதான்” என்று வீரணன் சொல்லியிருக்கிறார். அதற்கு இவர் மைக்கிலேயே, ஊர் கேட்க, சொன்னது இது: “எங்கூட்டுச் சோத்தத் தின்னுட்டு எம்பாட்டையே கெடுக்குறான் பாரு, சுதி தெரியாத பய.”

“அம்புட்டுத்தான். பெட்டிய மூடுனான், போனான். அக்கா வீட்டுல ஒண்டிக் கெடந்தவன் தம்பி அவன். சோத்தச் சொல்லிட்டா பெறகு எப்புடி வருவான்? எம்மகளுக்குக் காது குத்துனோம், மாமன் இல்ல. சடங்கு வச்சோம், இல்ல. கல்யாணத்துக்குப் பங்காளி ஒருத்தன உக்கார வச்சு மாலையப் போட்டோம். நான் எங்காத்தா செத்ததுக்குப் போனப்ப அவன் அந்தப் பக்கமாத் திரும்பி நிண்டான். இவுகளும் விடமாட்டாக. அவன் பேர எடுத்தா எல மேலயே கை கழுவிருவாக.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பிப்ரவரி 21, செவ்வாய்

அவர் பேரையூருக்குப் போய்விட்டாராம். பாட்டை நிறுத்தச் சொல்கிறாராம். நவநீதன் போனில் கத்தினார். “ஒங்கள யாரு டாக்டரு மாதிரி ரிசல்ட்டு சொல்லச் சொன்னா?” நான் சொன்னதில் தவறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அளவு சரி.

பிப்ரவரி 24, வெள்ளி

கம்பெனி மச்சிலிருந்து முதல் கேசட்டின் அசல் நாடாச்சுருள், ஸ்பூல், கிடைத்தது. என் நச்சரிப்புத் தாங்காமல் நவநீதனே ஏறித் தேடியிருக்கிறார். தலையில் ஒட்டடையோடு வந்தார். ஸ்பூல் மிஷினுக்கு பெல்ட் இல்லை. தையல் மிஷின் பெல்ட்டை வெட்டி ஒட்டினேன். ஓடியது.

முனகல் ஐம்பது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பாட்டுக்கு முன்னால் கேசட்டுக்காக வெட்டப்பட்ட துண்டு. இருமல், நாற்காலி நகரும் சத்தம், ஆர்மோனியத்தில் ஒரு ஸ்வரம், பிறகு மீசை முளைக்காத மாதிரி ஒரு குரல்:

“அஞ்சரை வச்சிருக்கேன் மச்சான்.”

“வையி மாப்ள, வையி.”

இரண்டாவது குரல் மொக்கைச்சாமி. சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

நவநீதன் என் பக்கத்தில் நின்று கேட்டார். ஒட்டடையைத் தட்டிக்கொண்டார்.

பிப்ரவரி 27, திங்கள்

பேச்சியம்மாள் தனியாக பஸ் ஏறி வந்தார். போட்டேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். தம்பி பேசுகிற அந்த மூன்று வார்த்தை மட்டும், திரும்பத் திரும்ப.

“இத அவருக்குப் போய்ப் போட்டுக் காட்டட்டுமா, ஒங்க தம்பிக்கு?” என்றேன்.

“அவனுக்கு எதுக்கு? அவனுக்குத்தான் தெரியுமே. தெரியாதவுகளக் கூட்டியாரேன்.”

மார்ச் 3, வெள்ளி

பேச்சியம்மாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எப்படி என்று கேட்கவில்லை. மூன்று நாளாக வீட்டில் உலை வைக்கவில்லை என்று நவநீதன் சொல்கிறார்.

மொக்கைச்சாமி கேட்டார். ‘வையி மாப்ள’ என்று தன் குரல் வந்ததும் துண்டால் கழுத்தை மூடிக்கொண்டார். பாட்டு ஓடி முடிந்தது. நான் ஸ்பூலைச் சுற்றினேன். அவர் என்னைக் கிட்டே வரச்சொல்லி என் காதில் நேராகவே பேசினார். புகை மாதிரி இருந்தாலும் கிட்டத்தில் புரிகிறது.

“ரெண்டாவது கேசட்டு?”

“அது நெசம். ஆறரை. நீங்களே பாடுனது.”

“மூணாவது?”

“நெசம்.”

“அப்ப மிஷினு பொய்யாப் போன எடத்துக்கு, நான் நெசமாப் போயிருக்கேன்ல?”

“போயிருக்கீங்க” என்றேன். வேறு எந்தப் பாடகனும் போனதாக எனக்குத் தெரியாது, அதையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் முகம் நிமிர்ந்தது. பேச்சியம்மாள் விடவில்லை.

“போனீக. யாரு இல்லேண்டா? ஊரே பாத்துச்சு. நான் கேக்குறது அது இல்ல. எந்தம்பி வச்ச சுதி சரியா, தப்பா? அதச் சொல்லுங்க.”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“பதினஞ்சு வருசமா ஒங்க வாயா நானிருந்தேன். இத மட்டும் நான் பேச மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

அந்த அம்மா முதலில் இறங்கிப் போனார். அவர் பின்னால் போனார். பஸ்ஸில் எதிரெதிர்ப் பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள்.

மார்ச் 5, ஞாயிறு

விருதுநகர் போய் வந்தேன். ஆதவன் உதைத்த உதையில் வேட்டியில் ஒரு கிழிசல். அக்கா எதுவும் கேட்கவில்லை, இரண்டு தடவை பாயசம் ஊற்றினாள். வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயம், இதோடு நிறுத்துகிறேன்.

மார்ச் 8, புதன்

காலையில் ஸ்டுடியோ திறக்கும்போதே மொக்கைச்சாமி வாசலில் நிற்கிறார். தனியாக. மைக்கைக் காட்டினார்.

“அன்னைக்கு மைக்குலதான சொன்னேன்” என்றார். காதருகே.

உட்கார வைத்தேன். மைக்கை உதட்டுக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். சத்த அளவை எவ்வளவு ஏற்றினாலும் முள் அசையவில்லை. ஃபேனை, ஏசியை, எல்லாவற்றையும் நிறுத்தினேன். பிறகும் தெருவில் போகும் ஆட்டோ அவரைவிடப் பலமாகக் கேட்டது. ஜன்னலில் மெத்தையைச் சாய்த்தேன். வேர்த்து ஊற்றியது இரண்டு பேருக்கும்.

பழக்க தோஷம், ஆரம்பிக்கும் முன் தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை. பிறகு பேசினார்.

“பேரையூர் மொக்கைச்சாமி பேசுறேன். கடலக்காட்டுப் பாட்டுக்கு எம்மச்சினன் வீரணன் வச்ச சுதி அஞ்சரை. அதுதான் சரி. நான் மேடையில சொன்னது தப்பு. சோத்தச் சொன்னது அதவிடத் தப்பு.”

இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அவர் போனபின் இரைச்சல் நீக்கும் மென்பொருளில் ஓட்டினேன். அவர் குரலையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு முழுக்கத் துடைத்துவிட்டது. ஆட்டோ மட்டும் மிச்சம். பழையபடி திரும்ப வைத்தேன். அதன் பிறகு அதில் கை வைக்கவில்லை.

மார்ச் 10, வெள்ளி

நவநீதனிடம் சொன்னேன்: முதலில் அந்தப் பேச்சு. அடுத்து ஸ்பூலில் உள்ள துண்டு. அடுத்து ஐந்தரையில் பாட்டு. மற்றதெல்லாம் அதது எப்படி இருக்கிறதோ அப்படி.

“டிராக்டர்ல போட்டுக் கேக்குறவன், பென் டிரைவு ரிப்பேருன்னு கொண்டாந்து மூஞ்சியில எறிவான்.”

“எறியட்டும். என் நம்பரப் போடுங்க அட்டையில.”

“எங்கப்பா பேரு?”

“அவரு உங்கப்பாவச் சொல்லலையே. எங்கயும் சொல்லல.”

நவநீதன் அந்தப் பேச்சை மறுபடி கேட்டார். தன் அப்பாவின் பெயர் வரக்கூடிய இடத்தை எதிர்பார்த்து, அது வராமலே முடிந்தபின், “அட்டையில ஒங்க அட்ரஸையும் போட்டுர்றேன், ஒதைக்க வர்றவனுக்கு வசதியா” என்றார்.

மார்ச் 29, புதன்

வந்துவிட்டது. நேற்று பொங்கலுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஊரில் எல்லாம் ஓடியதாம். ரிப்பேர் என்று பதினைந்து போனுக்கு மேல் வந்தன. விளக்கினேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், “அப்ப அந்தாளு நல்லாத்தான்யா பாடியிருக்கான்” என்று வைத்துவிட்டார். வீரணனிடமிருந்து ஒன்றும் இல்லை. பேச்சியம்மாள் தினமும் கூப்பிட்டுக் கேட்கிறார். நான் என்ன தபால் ஆபீஸா?

ஏப்ரல் 3, திங்கள்

மதியம் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். காக்கிச் சட்டை, ரைஸ்மில் தவிடு புருவத்தில். அட்டையைக் கையில் வைத்திருந்தார்.

“இதப் போட்டது நீங்களா தம்பி?”

ரிப்பேர் இல்லை, வேகம் அப்படித்தான் என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

“பாட்டுச் சரியாத்தான் இருக்கு. முன்னால ஒருத்தரு பேசுறாரே. கோயில் குழாயில கேட்டேன், வெளங்கல. எம்பேரு வந்த மாரி இருந்துச்சு. அது யாரு?”

ஹெட்போனை மாட்டிவிட்டுப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“யாரு தம்பி? அவருக்குப் பதிலா யாரையாச்சும் பேச விட்டாகளா?”

“அவருதாங்க. உங்க மச்சான்.”

ஹெட்போனைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார். “இன்னொருக்காப் போடு” என்றார். போட்டேன். அடுத்து ஸ்பூல் துண்டு ஓடியது, ‘அஞ்சரை வச்சிருக்கேன் மச்சான்’. அதில் தன் குரல் வந்ததை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. முதலாவதையே திரும்பக் கேட்டார்.

“இந்தக் கொரலுக்கு என்ன சுதி வருது ஒங்க மிஷினுல?”

“சுதி இல்லைங்க. காத்து மட்டுந்தான்.”

“ஒண்ணுமேயா?”

“ஒண்ணுமே.”

வேறு ஆள் பதிவுக்கு வந்து காத்திருந்தான், நாளைக்கு வரச் சொன்னேன். பிறகு வீரணன் எழுந்து, துண்டை உதறி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். பைக்குள்ளிருந்து பேனா எடுத்து அட்டையின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

“வீடு மாறிட்டாகன்னு கேள்வி. எந்தத் தெருன்னு தெரியாது தம்பி. எங்கக்கா இருக்கிற அட்ரஸ எழுதுங்க.”